ஓடைப் பாதை

பாடைக்கு மூங்கில் வெட்டும் சத்தம் கீழே கேட்டுக்கொண்டிருந்தபோதே ஜப்பான்காரன் லாரி, கூலிக் குடும்பங்கள் இருந்த லயத்துக்குள் வந்து நின்றது.

சாவு வீட்டில்தான் ஆம்பளைகள் ஒன்றாய்ச் சிக்குவார்கள் என்று எந்தப் பாவி அவனுக்குச் சொல்லிக் கொடுத்தானோ!

மலாயாவில் சுவா என்ற ஊருக்கு உள்ளே இருந்த அந்தத் தோட்டத்துக் கூலிகளில் உழைக்கிற வயதில் மிஞ்சிய ஆம்பளைகள் நாலே பேர். மற்றவர்களைச் சயாமுக்கு ரயில் ரோடு போட அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். போனவர்களில் ஒருவன்கூடத் திரும்பவில்லை. மிஞ்சிய நாலு பேரும் மூங்கில் வெட்டப் போயிருந்தார்கள். அதில் ஒருவன் சன்னாசி, முத்தாயியின் புருஷன்.

முத்தாயி பிணத்தின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். காய்ச்சலில் செத்த தங்கராஜுவுக்கு ஒப்பாரி வைக்க அவளைத்தான் அழைத்திருந்தார்கள்.

சிப்பாய்கள் இரண்டு பேர் துப்பாக்கியோடு மேட்டுப் பாதையில் போய் நின்றார்கள். மூங்கிலைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களுக்கு அதுதான் வழி.

எழுந்து ஓடினால் சுடுவான். முத்தாயி மாரில் அடித்துக்கொண்டு குரலை உயர்த்தினாள்.

“மேட்டுப் பாதை வேணாம் ராசா, முள்ளு கிடக்குதே...
ஓடைப் பாதை போங்க ராசா, நிழலு இருக்குதே...”

மற்றப் பெண்கள் ஒரு நொடி விழித்தார்கள். புரிந்ததும் தொண்டை கிழியச் சேர்ந்துகொண்டார்கள்.

கீழே சத்தம் நின்றது.

பாட்டைக் கேட்டு நின்றதா, வெட்டி முடித்ததால் நின்றதா, சாமிக்குத்தான் வெளிச்சம்.

அப்போதுதான் தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி ராமகிருஷ்ணனைக் கவனித்தாள். கையில் பேர்ப் பட்டியலோடு அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனும் தமிழன்தான். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தாள். ஆனாலும் பாட்டை விடவில்லை.

அது என்ன பாட்டு என்று ஜப்பான் அதிகாரி அரைகுறை மலாயில் கிராணியைக் கேட்டான்.

செத்தவர் போவதற்கு வழி சொல்கிறார்கள் என்றான் கிராணி.

அதிகாரி தொப்பியைக் கழற்றிப் பிணத்துக்குத் தலை குனிந்தான்.

வெயில் சாயும்வரை காத்திருந்தும் மேட்டுப் பாதையில் ஒருத்தரும் வரவில்லை. லாரி காலியாகவே போனது.

கிராணி மட்டும் போகவில்லை. பதினோரு வருஷமாக அவளை ‘ஏ பொம்பள’ என்றே கூப்பிட்டவன், பக்கத்தில் வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்தான்.

“அக்கா, அந்தப் பாட்ட எம் பொஞ்சாதி நீலாவதிக்கும் சொல்லிக் குடுங்க. அடுத்த லாரிக்கு எம் பேரும் இருக்கு.”