கவிழ்ந்த கோப்பை

"ஒரு கோப்பை கவிண்டு கிடக்கு!"

சமையல் கட்டுக்குள்ளிருந்து வந்த றோசம்மாவின் குரலில் சூடு இருந்தது.

கூடத்தில் பாயில் இருந்த பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். இந்த விஷயத்துக்குக்கூடவா ஒருத்தி மறுப்பாள்?

சண்டை ஓய்ந்த பிறகு, நானாட்டானுக்கும் கடலுக்கும் இடையில், பங்குக்கோயில் கொடுத்த காணியில், கணவன்மாரை இழந்த பெண்கள் சேர்ந்து அமைத்த குடியிருப்பு அது. கிறிஸ்தவ வேதக்காரர், சைவக்காரர், முஸ்லிம்கள் எல்லாரும் உண்டு. ஒரே கிணறு, ஒரே தோட்டம், ஒரே அடுப்பு. சமையல் முறைவைத்து நடக்கும். தலைவி என்று ஒருத்தி இல்லை. எல்லாரும் ஒத்துக்கொண்டால்தான் எந்தக் காரியமும்.

அதற்கு ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். பேச வேண்டியதைப் பேசி முடித்ததும், ஒவ்வொருத்தியாகச் சமையல் கட்டுக்குள் போய் வாங்குப் பலகையில் தன் சாப்பாட்டுக் கோப்பையை வைத்துவிட்டு வர வேண்டும். சம்மதம் என்றால் நிமிர்த்தி வைப்பது. இல்லையென்றால் கவிழ்த்து வைப்பது. கவிழ்த்தவள் எழும்பிக் காரணம் சொல்ல வேண்டும். எல்லாக் கோப்பையும் நிமிரும் வரைக்கும் ஒருத்திக்கும் சோறு கிடையாது. வயிறு காய்ந்தால் பிடிவாதம் கொஞ்சம் இளகும் என்பது அவர்கள் அனுபவத்தில் கண்டது.

அன்றைய பேச்சு அன்னப்பிள்ளையைப் பற்றியது. நீரிழிவு என்னும் சீனி வருத்தம் அவளுடைய கண்ணை மெல்ல மெல்லத் தின்றுவிட்டது. போன கிழமை கஞ்சி வடிக்கும்போது சுடுகஞ்சி பட்டுக் கையும் அவிந்துபோனது. இனி அவளுக்குச் சமையல் முறை வேண்டாம், இருந்து சாப்பிடட்டும் என்று றோசம்மா சொன்னாள். கேட்டவர்களுக்குக் கண் கலங்கிவிட்டது. இரக்கப்படுவதில் ஒருத்தியும் பின்நிற்கவில்லை.

அன்னப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு இருந்தாள். கோப்பை வைக்க அவளை, பக்கத்தில் இருந்த மாக்கிறட்தான் கைபிடித்துக் கூட்டிக்கொண்டு போய் வந்தாள்.

"கவிழ்த்தது ஆர்? எழும்புங்கோ," என்று கேட்டுக்கொண்டு கூடத்துக்கு வந்தாள் றோசம்மா.

ஒருத்தியும் எழும்பவில்லை. எல்லாம் ஒரே மாதிரியான எனாமல் கோப்பைகள். பார்த்துச் சொல்ல முடியாது.

"இதுக்கு மறுக்கிறவளுக்கு மனச்சாட்சி எண்டு ஒண்டு இருக்கோ?" என்று கேட்டாள் நசீறா.

அன்னப்பிள்ளையின் கை பாயைப் பிடித்தது. பிறகு விட்டுவிட்டது.

மாக்கிறட் எழும்பினாள். "நான்தான்."

"எடி, நீயோ?" என்றாள் றோசம்மா.

"ஓம். அவவுக்கு மட்டும் ஏன் முறை இல்லாமப் போகவேணும்? நாங்கள் எல்லாரும் சமைக்கிறம்தானே?"

"அவவின்ர கையைப் பாத்தனியோ?"

"பாத்தனான். மருந்து கட்டினதே நான்தான். காயம்தானே, அது மாறிடும்."

"கண்ணும் மாறுமோ?"

"கண் தெரியாட்டில் உப்பும் புளியும் தெரியாமப் போகுமோ? அவ வைக்கிற மீன்குழம்பு மாதிரி நீ ஒருநாள் வைச்சுக் காட்டு, பாப்பம்."

யாரோ சிரிக்கத் தொடங்கி, றோசம்மாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்கள்.

"கையைப் பிடிச்சுக் கூட்டிக்கொண்டு போட்டு, கண் தெரியாதெண்ட துணிவில அவவுக்குப் பக்கத்திலயே நிண்டு கவிழ்த்திருக்கிறாய். உன்ர நெஞ்சில கொஞ்சமும் ஈரம் இல்லையோடி?"

இதைக் கேட்டு அன்னப்பிள்ளை விம்மினாள்.

"பிள்ளையள்..." என்று தொடங்கினாள்.

"நீங்கள் அழாதேங்கோ அன்னக்கா," என்று நசீறா அவளை அணைத்துக்கொண்டாள். "கடைசி வரைக்கும் உங்களை விருந்தாளி மாதிரி வைச்சுப் பாப்பம்."

"அதுதான் வேண்டாமெண்டுறன்," என்றாள் மாக்கிறட். "விருந்தாளி எண்டால் அடுப்படியில ஒரு சட்டியைத் தொடவும் ஆரையும் கேக்கவேணும். அவ இங்க விருந்துக்கு வரேல்லை. இது அவவின்ர வீடு. வீட்டுக்காரி சமைக்கட்டும்."

பிள்ளைகள் பசியோடு வாசலில் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். சோறு ஆறிக்கொண்டிருந்தது.

"சரி," என்றாள் றோசம்மா. "இவ்வளவு கதைக்கிற நீ, அன்னக்காவின்ர முறை வாற நாளெல்லாம் கூட நிக்கவேணும். அரிசி களையிறதும் கஞ்சி வடிக்கிறதும் நீதான். ஏலுமோ?"

தண்டனை என்று நினைத்துத்தான் சொன்னாள்.

"ஏலும்."

"பிறகு சாட்டுப்போக்குச் சொல்லக்கூடாது."

"சொல்லமாட்டன்."

ஒவ்வொருத்தியாகத் தலையாட்டினார்கள். அன்னப்பிள்ளையும் ஆட்டினாள். மாக்கிறட் போய், கவிழ்ந்து கிடந்த கோப்பையை நிமிர்த்தினாள்.

றோசம்மாவுக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை. அந்தக் கோப்பையிலேயே முதல் அகப்பைச் சோற்றைப் போட்டுக் கொண்டுவந்து மாக்கிறட்டின் முன்னால் வைத்தாள்.

"இந்தா, உன்ர கோப்பை. தின்."

மாக்கிறட் அதைத் தின்னவில்லை. பக்கத்தில் இருந்த அன்னப்பிள்ளையின் பக்கம் நகர்த்திவிட்டாள்.

அன்னப்பிள்ளையின் விரல் விளிம்பைத் தடவிக்கொண்டே போய் ஓரிடத்தில் நின்றது. கண் மங்கத் தொடங்கிய காலத்தில், தன்னுடையதைத் தடவி அறிய அவளே கல்லால் கொத்தி வைத்த சின்ன வடு.

"றோசம்மா, இது என்ர கோப்பை," என்றாள். "கவிழ்த்ததும் நான்தான். இவ்வளவு பாசமாக் கதைக்கிற உங்களுக்கு முன்னால எழும்பிச் சொல்லத்தான் எனக்கு ஏலாமப் போச்சு."