இந்த வரியைத் தொடாதீங்க

"ஒரு படத்தை ஏத்த ஆறு வினாடியா? அதுக்குள்ள ஆளு கொட்டாவி விட்டுட்டு வேற வேலை பார்க்கப் போயிடுவான் சார்!"

ராக்கெட் சொன்னதும் மீட்டிங் அறையில் ஒரே சிரிப்பு. வேலைக்குச் சேர்ந்த ஆறே மாதத்தில் அந்தப் பட்டப்பெயரைச் சம்பாதித்தவன்.

வீட்டிலேயே பொருள் செய்து விற்கிறவர்களுக்கான வலைத்தளம் அது. அவர்கள் போனில் படம் எடுத்து ஏற்றுவார்கள். அதைச் சுருக்கி வைக்கும் புரோகிராமை எழுதியவர் ஆமை மேடம். அந்தப் பெயரைச் சூட்டியவனும் ராக்கெட்தான், முதுகுக்குப் பின்னால். அன்று அவர் பல் டாக்டரிடம் போயிருந்தது இவனுக்கு வசதியாகப் போயிற்று.

"ஏற்கெனவே சின்னதா இருக்கிற படத்தைக்கூட விடாம மறுபடி புதுசா செய்றாங்க சார். வெட்டி வேலை. அதுக்கு மேல ஒரு குறிப்பு வேற." திரையில் காட்டி ராகம் போட்டுப் படித்தான். "இந்த வரியைத் தொடாதீங்க. ஒருத்தருக்கு வாக்குக் கொடுத்திருக்கேன்."

"புரோகிராமுக்குள்ள வாக்கா!" மேலாளர் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். "தூக்கிடுப்பா."

ஒன்பது மணிக்கு ராக்கெட் வரியையும் தூக்கினான், குறிப்பையும் தூக்கினான். சின்னப் படம் வந்தால் அப்படியே போகட்டும் என்று மாற்றினான். ஆறு வினாடி அரை வினாடியாகிவிட்டது.

பத்து மணிக்கு அக்காவிடமிருந்து செய்தி வந்தது. 'டேய் சுண்டெலி, இன்னைக்குப் படம் கண் மூடித் திறக்கறதுக்குள்ள ஏறிடுச்சே! உன் வேலையா?'

சுண்டெலி என்பது அவனுக்கு அக்கா வைத்த செல்லப் பெயர். துணிப்பை தைத்து விற்கும் தன் கடைக்கும் அவள் அதையே வைத்திருந்தாள். ஆபீஸில் தெரிந்தால் ராக்கெட்டின் மானம் கப்பலேறிவிடும் என்று அவன் யாரிடமும் மூச்சு விட்டதில்லை. அவள் ஏற்றிய படத்தைத் திறந்து பார்த்துவிட்டு, 'பின்னே யாரு!' என்று பதில் போட்டான்.

பதினொரு மணிக்கு ஆமை மேடம் வீங்கிய கன்னத்தோடு வந்தார். திரையைப் பார்த்தார்.

"படத்தை அப்படியே வெளியே விட்டிருக்கியா?"

"ஆமா மேடம். வேகமா இருக்குல்ல?"

"எப்பலேருந்து?"

"ஒன்பது மணியிலேருந்து."

தோளிலிருந்து நழுவிய பையை அவர் எடுக்கக்கூட இல்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு, பழைய வரியைத் திரும்ப ஏற்றினார். அவர் விரல்கள் இவ்வளவு வேகமாக ஓடி அவன் பார்த்ததில்லை. எல்லாம் வயிற்றெரிச்சல் என்று நினைத்துக்கொண்டான்.

"இப்ப என்ன மேடம், குடியா முழுகிப் போச்சு?"

"போன்ல படம் எடுத்தா, எந்த இடத்துல எடுத்ததுன்னு அதுவே படத்துக்குள்ள எழுதி வச்சுக்கும்பா. கண்ணுக்குத் தெரியாது. ஆனா தோண்டிப் பார்க்கத் தெரிஞ்சவனுக்கு வீட்டு வாசல் வரைக்கும் வழி தெரியும். படத்தை நாம புதுசா செய்யும்போதுதான் அந்தக் குறிப்பு உதிர்ந்து போகும். நீ அதோடயே அனுப்பிட்டே."

"பெரிய படம் எப்படியும் சுருங்கும்போது புதுசாயிடும். சின்னது மட்டும்தானே மேடம்..."

சொல்லும்போதே அவனுக்கு உறைத்தது. அக்காவின் போன் பழசு. அது எடுப்பதெல்லாம் சின்னப் படம்தான்.

அடித்துத் துவைத்த கணவனிடமிருந்து மகளைத் தூக்கிக்கொண்டு அவள் ஊர் மாறி மூன்று வருடம். வீடு எங்கே என்பது தம்பி ஒருவனுக்குத்தான் தெரியும். எங்கே ஒளிந்தாலும் விடமாட்டேன் என்று அந்த ஆள் இன்னும் சொல்லிக்கொண்டு திரிகிறான். பையின் தையலைப் பார்த்தாலே அந்த ஆளுக்கு அவள் கைவேலை தெரிந்துவிடும்.

ராக்கெட் திரைப் பக்கம் குனிந்தான். "யார் யார் படத்தைத் திறந்தாங்கன்னு பார்க்க முடியுமா மேடம்?"

"அதைத்தான் பார்க்கப் போறேன். மொத்தம் நாற்பத்தொரு படம். முதல்ல இது."

திரையில் வந்தது நீலத் துணிப்பை. அக்காவின் பை. அவன் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டான்.

"ஒரு தடவை திறந்திருக்காங்க," என்றார் மேடம்.

"யா... யாரு?"

"இரு." பட்டியல் மெதுவாக இறங்கியது. உலகத்திலேயே மிக நீளமான ஆறு வினாடி அதுதான் என்று அவனுக்குத் தோன்றியது. "பத்து மணி அஞ்சு நிமிஷம். அட, நம்ம ஆபீஸ்லேருந்துதான்."

திறந்தது அவனேதான். அப்படியே பக்கத்து நாற்காலியில் விழுந்தான். மேடம் அந்தப் படத்தைப் புதிதாகச் செய்து வைத்து, பழையதை அழித்த பிறகுதான் பெருமூச்சு விட்டார்.

"நாற்பத்தொண்ணுல... இதை ஏன் மேடம் முதல்ல பார்த்தீங்க?"

"ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி உதவி கேட்டு இவங்க ஒரு கடிதம் போட்டிருந்தாங்க. 'படம் போட்டா நான் இருக்கிற இடம் தெரிஞ்சிடுமா? தெரியாதுன்னு வாக்குக் கொடுங்க, கடை போடறேன்'னு. கொடுத்தேன். அன்னைக்கு எழுதினதுதான் நீங்க எல்லாரும் சிரிச்ச அந்த வரி."

ராக்கெட் நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தினான்.

"யாரு, எவருன்னு எனக்கு இன்னைய வரைக்கும் தெரியாது," என்றார் மேடம், அடுத்த படத்தைத் திறந்தபடி. "கடைக்கு மட்டும் சுண்டெலின்னு வேடிக்கையா ஒரு பேர் வச்சிருக்காங்க."

"அந்தச் சுண்டெலி நான்தான் மேடம்."