எங்க வேலை பாக்கீங்க?

"மறுபடியும் கேக்கேன். எங்க வேலை பாக்கீங்க?"

"அதான் சொன்னேனே டாக்டர் சார், பலசரக்குக் கடையில."

பச்சைப் பொய். சோலைராஜ் ராஜபாளையத்தில் ஒரு பஞ்சு மில்லில் பன்னிரண்டு வருஷமாகப் பஞ்சுப் பொதி பிரிக்கிறவன். உள்ளூரில் டாக்டருக்கா பஞ்சம்? தெரிந்தவர் கண்ணில் பட்டுவிடக் கூடாதென்றுதான் பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் வந்து, இரண்டு மாதமாக ஆஸ்துமாவுக்கு மருந்து வாங்குகிறான்.

பயம் சும்மா வரவில்லை. மூன்று மாதத்துக்கு முன்னால், கூட வேலை பார்த்த கருத்தப்பாண்டி மெஷின் பக்கத்தில் நின்று ஆஸ்துமா பம்ப் இழுத்ததை மேஸ்திரி பார்த்துவிட்டார்.

"ஏலே, இழுப்புக்காரனுக்கு இங்க என்ன வேலை? நீ செத்து வச்சா யாரு பதில் சொல்ல?"

அன்றைக்கே அவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஈவு இரக்கமில்லாத மனுஷன் என்று சோலைராஜ் மனசுக்குள் மேஸ்திரியைத் திட்டாத நாள் கிடையாது.

அதிலிருந்து இவன் பம்பை மில்லுக்குக் கொண்டுபோவதே இல்லை. எவ்வளவு மூச்சு முட்டினாலும் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பான். ஷிப்ட் முடிந்ததும் மில்லில் கொடுக்கிற வெல்லக்கட்டியை வாயில் போட்டுக்கொள்வான். தொண்டையில் ஒட்டிய பஞ்சை வெல்லம் இறக்கிவிடும் என்று அங்கே எல்லோருக்கும் நம்பிக்கை. வீட்டில் இரண்டு பெண்பிள்ளைகள். வேலை போனால் அடுப்பெரியாது.

டாக்டர் விடவில்லை.

"பம்ப் ஒழுங்கா இழுக்கீங்களா?"

"காலையும் ராத்திரியும் இழுக்கேன் சார்."

"பீடி?"

"கிடையாது."

"வீட்டுல நாய், சாம்பிராணிப் புகை?"

"ஒண்ணும் இல்ல சார்."

"பொறவு ஏன் அடங்க மாட்டேங்குது? ஏதோ ஒண்ணு தினமும் உங்களைக் கெடுக்குது. அது என்னன்னு தெரியாம நானும் மருந்தைக் கூட்டிக்கிட்டே போறேன்."

சொல்லிவிடலாமா? வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. இவர் மில்லுக்கு ஒரு கடிதம் எழுதிவிட்டால்? சோலைராஜ் தலையைக் குனிந்துகொண்டான்.

டாக்டர் பெருமூச்சு விட்டார்.

"கடையில மிளகா வத்தல் மூட்டை இருக்கும். அந்தப் பக்கம் போகாதீங்க. இப்ப ஒரு ஊசி போட்டுக்கிடுங்க."

கம்பவுண்டர் கண்ணுச்சாமி அவனைத் திரைக்குப் பின்னால் கட்டிலில் படுக்க வைத்து ஊசி போட்டார்.

"செத்த நேரம் அப்படியே படுங்க."

அதற்குள் அடுத்த ஆள் உள்ளே வருகிற சத்தம் கேட்டது.

"வணக்கம் சார்."

சோலைராஜுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மில் இரைச்சலையும் மீறி நாள் பூராவும் கேட்கிற குரல் அது. மேஸ்திரி! யாரோ போட்டுக் கொடுத்துவிட்டார்கள். பின்னாலேயே வந்துவிட்டார். வேலை போச்சு. அவன் மூச்சை அடக்கிக்கொண்டு கிடந்தான்.

"உக்காருங்க வைகுண்டராஜ். போன தடவை தந்த பம்ப் கேட்டுச்சா?"

"எங்க சார் கேக்கு? ராத்திரி பூராவும் உக்காந்தே கெடக்கேன்."

இருமல் வந்து பேச்சை அடைத்தது. சோலைராஜின் நெஞ்சில் கேட்கிற அதே விசில் சத்தம் அங்கேயும் கேட்டது.

"நீங்க எங்க வேலை பாக்கீங்கன்னு சொன்னீங்க?"

தொண்டையைச் செருமுகிற சத்தம் கேட்டது. பிறகு, கருத்தப்பாண்டியை விரட்டிய அந்தக் குரல் பயந்து பயந்து சொன்னது:

"பலசரக்குக் கடையில, சார்."