எஞ்சின் நின்றபோதெல்லாம்

தொலைக்காட்சித் திரை முழுக்க வானம்.

நீல வானம். அதன் ஒரு மூலையில், யாரோ கடித்துவிட்டு மிச்சம் வைத்ததுபோல ஒரு தொப்பியின் விளிம்பு.

“இது சிங்கம்,” என்றார் புவனேந்திரன்.

டுசல்டோர்ஃப் வீட்டின் வரவேற்பறையில் இருந்தவர்கள் சிங்கத்தைத் தேடினார்கள். பயணப் படங்கள் பார்க்க வந்த எமில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு தேடினார். அவர் மனைவி பற்றிமா மீன் ரோல்ஸைக் கடித்தபடி தேடினாள்.

புவனேந்திரனின் மனைவி கலாதேவியும் தேடினாள். ஆனால் தேடுவது வெளியே தெரியக் கூடாது. அவள் அந்தச் சிங்கத்தை நேரில் கண்டவள்.

அப்படித்தான் ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். ஆபிரிக்காவிலிருந்து வந்து இறங்கிய நாள் முதல் கோயிலில் சொன்னாள், தமிழ்க்கடையில் சொன்னாள், பல் வைத்தியரின் கதிரையில் வாயைப் பிளந்தபடியும் சொன்னாள். சிங்கம் ஒரு வேன் அளவு. அது கொட்டாவி விட்ட காற்றில் அவளுடைய சால்வை பறந்து ஒரு மரத்தில் மாட்டிக்கொண்டது. யானைகள் நின்ற வரிசை டுசல்டோர்ஃபில் தொடங்கினால் அடுத்த நகரமான கொலோனில்தான் முடியும். நீர்யானை ஒன்று அவளைப் பார்த்து, தெரிந்த ஆளைப் பார்ப்பதுபோலத் தலையாட்டியது.

உண்மையில் கலாதேவி ஒரு மிருகத்தையும் பார்க்கவில்லை.

ஜீப்பின் எஞ்சின் நின்றால் பக்கத்தில் ஏதோ நிற்கிறது என்று பொருள். எஞ்சின் நின்ற மறுகணம் அவள் கண்களை இறுக்கி மூடிக்கொள்வாள். கண் சத்திரசிகிச்சைக்குப் பிறகு போடச் சொன்ன பெரிய கறுப்புக் கண்ணாடி பாதி முகத்தை மறைத்ததால் ஒருவருக்கும் தெரியவில்லை.

நமீபியாவின் மணல்மேடுகளை மட்டும் கண் திறந்து பார்த்தாள். மணல் இருந்தது.

பொட்சுவானாவின் சதுப்பு நிலத்தில் துடுப்புப் படகு. அதற்கு எஞ்சினே இல்லை. அதனால் ஏறியதிலிருந்து இறங்கும்வரை கண்ணைத் திறக்கவில்லை.

மற்றதெல்லாம் புவனேந்திரன் காதுக்குள் சொன்னது. கமராவும் கையுமாக, “கலா, அங்க பாரும், குட்டிகளோட வருது,” என்று அவர் வர்ணித்துக்கொண்டே போவார். அவள் அதை மூன்றால் பெருக்கி வைத்துக்கொள்வாள்.

அவரிடம் உண்மையைச் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. வேலைக்காலம் முழுக்க விமான நிலையத்தில் அடுத்தவர்களின் பெட்டிகளை ஏற்றி அனுப்பிய மனிதர். ஓய்வு பெற்ற அன்று, இனி எங்கட பெட்டியும் போகட்டும், உமக்குச் சிங்கம் காட்டுறன் என்றார். காட்டிவிட்ட சந்தோஷத்தில் பத்து வயது குறைந்து திரும்பியிருந்தார்.

அதைப் போய் எப்படிக் கெடுப்பது?

படங்களைப் பார்த்துத் தன் கதைகளைக் கொஞ்சம் திருத்திக்கொள்ளலாம் என்றுதான் நினைத்திருந்தாள். இப்போதோ ஒன்றும் விளங்கவில்லை.

அடுத்த படம் ஜீப்பின் சில்லு, அதிலும் டயர் மட்டும். அதற்கடுத்தது புல். பிறகும் புல், ஆனால் தலைகீழாக. அதற்குப் பிறகு ஒரு கால்.

“அண்ணை, இது ஆரின்ர கால்?” என்றாள் பற்றிமா.

புவனேந்திரன் தலையைச் சாய்த்துப் பார்த்தார். முதன்முதலாகப் பார்ப்பவர்போல நெடுநேரம் பார்த்தார். “கலா, நீர் சொல்லும். நீர்தானே வடிவாய்ப் பாத்தனீர்.”

கலாதேவி அந்தக் காலை மேலும் கீழும் பார்த்தாள். “ஒட்டகச்சிவிங்கி,” என்றாள். “சரியான உயரம். தலை மேகத்துக்குள்ள போயிட்டுது. அதுதான் கால் மட்டும் விழுந்திருக்கு.”

“சப்பாத்தும் போட்டிருக்குது,” என்றார் எமில்.

பற்றிமா சிரிப்பை ரோல்ஸால் அடைத்தாள். “அக்கா, உண்மையைச் சொல்லுங்கோ. நீங்கள் ஆபிரிக்காவுக்குத்தான் போனனீங்களோ, இல்லாட்டி இஞ்ச பின்னால இருக்கிற பூங்காவுக்கோ?”

இன்னும் ஒரு கேள்வி போதும். தன் மனைவிக்குக் காட்டிய ஆபிரிக்காவை அவள் பார்க்கவேயில்லை என்பது இந்த மனிதருக்குத் தெரிந்துவிடும், அதுவும் விருந்தாளிகளின் முன்னால். கலாதேவி தேநீர் ஊற்ற எழுந்தாள். கேத்தல் குசினியில் இருப்பதும், தான் போனால் கேள்வி அவரிடம் போகும் என்பதும் நினைவு வந்து மறுபடியும் உட்கார்ந்தாள்.

“வழிகாட்டி எடுத்த படங்களும் கிடக்கு,” என்றார் புவனேந்திரன் அவசரமாக, ரிமோட்டைத் தூக்கியபடி. “காலமைதான் அனுப்பினவர். நானும் இன்னும் பாக்கேல்லை.”

அழுத்தினார்.

இந்தமுறை சிங்கம். முழுச் சிங்கம். பிடரியும் மூக்கும் மீசையுமாக, ஜீப்புக்குப் பின்னால் ஆறஅமர நின்றது. வழிகாட்டி முன் இருக்கையிலிருந்து திரும்பி எடுத்த படம்.

கலாதேவி முதலில் கண்டது தன்னைத்தான்.

கறுப்புக் கண்ணாடி மூக்கின் நுனிக்குச் சறுக்கியிருந்தது. அதற்கு மேலே, கசாயம் குடிக்கிற பிள்ளைபோல இறுக மூடிய இரண்டு கண்கள். அவ்வளவு பெரிய திரையில் ஒவ்வோர் இமையும் ஒரு தோசை அளவு இருந்தது.

அவள் கணவரின் பக்கம் திரும்பவில்லை. என்ன சொல்லி மன்னிப்புக் கேட்பது என்று தேடினாள்.

பற்றிமாவின் வாய் மெல்லுவதை நிறுத்தியிருந்தது. எமில் எழுந்து தொலைக்காட்சிக்குக் கிட்டப் போய் நின்றார். புவனேந்திரன் அடுத்த படத்துக்குப் போக அழுத்து அழுத்தென்று அழுத்தினார். சத்தம் கூடுகிற கோடு மட்டும் திரையில் ஏறிக்கொண்டே போனது.

யாரும் அவள் கண்களைப் பார்க்கவில்லை.

அவர்கள் பார்த்த இடத்தை அவளும் பார்த்தாள். அவளுக்குப் பக்கத்து இருக்கையில் புவனேந்திரன். இரண்டு கைகளாலும் கமராவைத் தலைக்கு மேலே உயர்த்திப் பிடித்திருந்தார். தலை தோள்களுக்குள் புதைந்திருந்தது. அவளுடைய காதுக்குக் கிட்ட, எதையோ வர்ணித்துக்கொண்டு பாதி திறந்த வாய்.

படத்தில் கண் திறந்திருந்தது சிங்கம் மட்டும்தான்.