கண்ணில் ஒட்டிய வெள்ளை

"இன்னிக்கு டாக்டர் முன்னாடியே கேட்டுடறேன். இனிமே என்னால வாயை மூடிக்கிட்டு இருக்க முடியாது."

ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து அக்கா பொருமிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் தம்பி, கறுப்புக் கண்ணாடியோடு. அவனுக்கு அந்தப் பக்கம் அவன் மனைவி, மடியில் மருந்துப் பையோடு. அக்கா யாரைச் சொல்கிறாள் என்பது மூன்று பேருக்குமே தெரியும்.

தம்பிக்கு ஒரு பள்ளிக்கூடத்தில் தோட்ட வேலை. வேலிச் செடியை வெட்டும்போது ஒரு குச்சி துள்ளி வலது கண்ணில் அடித்துவிட்டது. தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டு மிச்ச வேலியையும் வெட்டி முடித்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தான். கண் சிவந்ததும் மருந்துக் கடையில் கேட்டு ஏதோ சொட்டு மருந்து வாங்கிப் போட்டான். இரண்டு நாள் சிவப்பு அடங்கியது போல இருந்தது. அப்புறம் கருவிழியில் ஒரு வெள்ளைப் புள்ளி கிளம்பியது.

கண் டாக்டர் புண்ணின் ஓரத்தைச் சுரண்டி எடுத்து நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். நூல் நூலாகக் கிளை விட்டிருந்தது பூஞ்சை. கடைச் சொட்டு சிவப்பை மட்டும் அடக்கிவிட்டுப் பூஞ்சையை நன்றாக வளரவிட்டிருக்கிறது என்று சொல்லி, பூஞ்சைக்கான மருந்தை எழுதிக் கொடுத்தார். மணிக்கொரு தடவை விட வேண்டும். பத்து நாளில் புண் சுருங்காவிட்டால் கருவிழியையே மாற்ற வேண்டியிருக்கும். மாற்றினாலும் பழைய பார்வை வருமென்று உறுதி சொல்ல முடியாது.

இன்று பத்தாவது நாள்.

அக்கா தம்பி வீட்டு மாடியில் குடியிருக்கிறாள். வீட்டிலேயே தையல். தம்பியைவிடப் பதினோரு வயது மூத்தவள். அவனுக்கு மூக்குச் சிந்திவிட்டு வளர்த்த கை அது. கண்ணில் அடிபட்ட நாளிலிருந்து பாதி தைத்த ரவிக்கையைப் போட்டுவிட்டு ஒரு நாளைக்கு ஆறேழு தடவை கீழே இறங்கி வந்துவிடுவாள்.

உள்ளே கூப்பிட்டார்கள். டாக்டரம்மா தம்பியின் கண்ணில் மஞ்சள் சாயம் ஒரு சொட்டு விட்டு, நீல வெளிச்சத்தில் வெகுநேரம் பார்த்தார். அக்காவுக்குப் பொறுக்கவில்லை.

"நல்ல சேதியா, கெட்ட சேதியான்னு அப்புறம் சொல்லுங்கம்மா. முதல்ல இவளை நாலு வார்த்தை கேளுங்க."

பத்து நாளாக அடக்கி வைத்ததெல்லாம் மடை திறந்தது. எப்போது போய்ப் பார்த்தாலும் தம்பியின் கண்ணில் வெள்ளை வெள்ளையாகப் பீளை ஒட்டிக்கொண்டிருக்கிறதாம். கட்டினவள் அதைத் தொட்டுக்கூடப் பார்ப்பதில்லையாம். பார்த்துப் பார்த்துத் துடைப்பது அக்காதானாம். அதற்கும் அவள் முகம் கொடுத்துப் பேசுவதில்லையாம்.

"உட்காருங்கன்னு ஒரு வார்த்தை கிடையாது. நான் எப்போடா படி ஏறுவேன்னு வாசலையே பார்த்துக்கிட்டு நிக்கறா. நான் மட்டும் இல்லேன்னா இந்தக் கண்ணு என்னைக்கோ போயிருக்கும்."

தம்பி மனைவி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "எதால துடைப்பீங்க?"

"கொதிக்க வெச்சு ஆறின தண்ணியில பஞ்சை நனைச்சு. சுத்தத்துல யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது."

"எந்த நேரத்துல?"

"இவ மருந்து விட்டதும் இறங்கி வந்துடுவேன். அப்பதானே நிறைய ஒட்டியிருக்கு?"

"அது பீளை இல்லம்மா. அதுதான் மருந்து. இந்த மருந்து பால் மாதிரி இருக்கும். புண்ணு மேல வெள்ளையாப் படிஞ்சு உட்கார்ந்தாத்தான் வேலை செய்யும். பத்து நாளா நீங்க மருந்தைத் துடைச்சு எடுத்திருக்கீங்க."



டாக்டர் மறுபடியும் ஒருமுறை விளக்கைப் போட்டுக் கண்ணைப் பார்த்தார். "ஆனா புண்ணு பாதிக்கு மேல சுருங்கியிருக்கு. ஆபரேஷன் வேண்டாம். இதே மருந்தை விட்டுக்கிட்டே வந்தாப் போதும். நீங்க சொல்றதைக் கேட்டா, இது ஆறியிருக்கவே கூடாது. அதுதான் எனக்குப் புரியலை."

கண் பிழைத்தது என்ற சந்தோஷத்தைக் கோபம் முந்திக்கொண்டது. அக்கா தம்பி மனைவியின் பக்கம் திரும்பினாள்.

"அது மருந்துன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும் அண்ணி. முதல் நாளே டாக்டரம்மா சொன்னாங்க."

"தெரிஞ்சும் கல்லு மாதிரி நின்னு வேடிக்கை பார்த்தியா? உன் புருஷன் கண்ணுடி அது. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்ல வாய் வரலையா?"

"சொன்னேன். 'நீ பொறக்கறதுக்கு முன்னாடியே அவன் முகத்தைத் துடைச்சவ நான், எனக்குப் பாடம் எடுக்காதே'ன்னீங்க."

அப்படிச் சொன்னது அக்காவுக்கு நினைவு வந்தது. ஆனாலும் விடவில்லை.

"சொன்னாப் போதுமா? கையைப் பிடிச்சுத் தடுத்திருக்கணும். வாசல்லயே நிறுத்தியிருக்கணும்."

தம்பி மனைவி நிமிர்ந்தாள். பத்து நாளாக விழுங்கிய கோபம் அவள் குரலிலும் இருந்தது.

"நிறுத்தியிருந்தா அன்னைக்கோட நீங்க கீழே இறங்கியிருக்க மாட்டீங்க அண்ணி. இவர் ஒத்தைக் கண்ணோட உங்களைத் தேடி மாடி ஏறியிருப்பார். அதான், நீங்க படி ஏறினதும் ஒவ்வொரு தடவையும் மறுபடி மருந்து விட்டேன்."