நடுவில் ஒரு குப்பைத்தொட்டி

"இந்தக் குப்பைத்தொட்டி ஏன் திரைக்கு நடுவுல கிடக்கு, லினெட்?"

"அது அங்கதான் கிடக்கணும். கை வைக்காதே, டேரன்."

டேரன் சிரித்துக்கொண்டான். படகுத்துறை அலுவலகத்தின் கம்ப்யூட்டரைப் புதுப்பிக்க, படகுச் சங்கத்தார் அவனை ஹோபார்ட் நகரத்திலிருந்து வரவழைத்திருந்தார்கள். வேலை முடிந்ததும் ஓர் அறிக்கையும் தர வேண்டும். லினெட்டால் இதைக் கையாள முடியுமா, முடியாதா? முடியாது என்றால் அடுத்த மாதத்திலிருந்து அவள் வேலை நகரத்து நிறுவனம் ஒன்றுக்குப் போய்விடும். பத்தொன்பது வருடமாக அந்த நாற்காலியில் இருக்கும் லினெட்டுக்கும் இது தெரியும்.

தெரிந்தும் அவள் வாய் சும்மா இருக்கவில்லை. ஓரத்தில் இருந்த ஸ்டார்ட் பட்டனை நடுவில் கொண்டுவந்து வைத்தது யார் என்று கேட்டாள். மவுஸின் வலது பக்கத்தை அழுத்தினால் வரும் பட்டியலில் பாதியை ஒளித்து வைத்திருக்கிறார்களே, எதற்கு என்று கேட்டாள்.

"ஊருக்குப் போயிருக்கறப்போ எவனோ என் சமையலறையில புகுந்து, கரண்டியெல்லாம் இடம் மாத்திட்டு, 'இனிமே உனக்கு சுலபம்'னு சீட்டு எழுதி வச்ச மாதிரி இருக்கு."

"போகப்போகப் பழகிடும்."

"போன தடவையும் இதையேதான் சொன்னே. பழகினேன். உடனே மாத்திட்டீங்க."

அவன் வைத்திருந்த மலைப் படத்தையும் எடுக்கச் சொல்லி, வெறும் நீலத்தையே திரும்பப் போட வைத்தாள். அந்த நீலத்தின் மேல் படகுக்கு ஒன்றாக அறுபத்து மூன்று ஃபைல்கள். இங்கே ஆறு நெருக்கியடித்துக்கொண்டு, அங்கே ஒன்று தனியாக, கை தவறிக் கொட்டிய பட்டாணி மாதிரி. டேரன் அதை ஃபோனில் படம் பிடித்து, 'இப்படியும் ஒரு அம்மா' என்று எழுதி, தன் ஆபீஸ் நண்பனுக்கு அனுப்பினான்.

வெளியே காலையிலிருந்து மூடுபனி. ஜன்னலில் வெள்ளையைத் தவிர ஒன்றும் தெரியவில்லை.

லினெட் டீ போட உள்ளே போனாள். இரண்டு கோப்பைகளுடன் திரும்பி வந்தவள், திரையைப் பார்த்துவிட்டு உட்காராமல் நின்றாள்.

"என்ன பண்ணினே?"

"பேர் வரிசைப்படி அடுக்கிட்டேன். இனிமே தேடவே வேண்டாம் பாருங்க."

"பழையபடி வை."

"அதுக்கு வழி கிடையாது, லினெட். அடுக்கினா அடுக்கினதுதான்."

"கலைக்க ஒரு நொடி. திருப்பி வைக்க வழியே இல்லையா? இதைச் செஞ்சவன் வீட்டுல ஒருத்தரும் தப்பே பண்ண மாட்டாங்களோ?"

டேரன் கீபோர்டைத் தன் பக்கம் இழுத்தான். அறிக்கையைத் திறந்து, 'மாற்றத்தை ஏற்க மறுக்கிறார். ஒழுங்கு என்பதே இல்லை' என்று தட்டினான். அதுவும் ஒரு ஃபைலாகித் தன் வரிசையில் போய் நின்றது.

அப்போதுதான் ரேடியோ கரகரத்தது. ஓர் ஆண் குரல். பாய்மரப் படகில் மனைவியோடும் கைக்குழந்தையோடும் துறைக்குள் வந்துவிட்டானாம். வழிகாட்டும் கருவியெல்லாம் அணைந்துவிட்டது, கைரேடியோ மட்டும்தான் மிச்சம் என்றான்.

"கிட்ட 'ஆஸ்ப்ரே'ன்னு ஒரு படகு தெரியுது. வேற ஒண்ணும் தெரியல. எந்தப் பக்கம் போறது? சீக்கிரம் சொல்லுங்க."

லினெட் திரையைப் பார்த்தாள். ஆஸ்ப்ரே இருந்தது, அகர வரிசைப்படி அதற்கு முன்னால் இருக்க வேண்டிய பெயருக்கும் பின்னால் இருக்க வேண்டிய பெயருக்கும் நடுவில்.

"அப்படியே நில்லுப்பா. ஒரு நிமிஷம்," என்றாள் ரேடியோவில். பிறகு டேரன் பக்கம் கையை நீட்டினாள். "முன்னே படம் பிடிச்சியே, ஃபோனைக் குடு."

அவன் தயங்கினான். கொடுத்தான். படத்துக்குக் கீழே அவன் எழுதியிருந்ததை அவள் படித்தாள். படத்தைப் பெரிதாக்கி, ஆஸ்ப்ரேயின் மேல் விரலை வைத்தாள்.

"ஆஸ்ப்ரேயை இடது பக்கம் விட்டுட்டு மெதுவா வா."

விரல் நகர்ந்தது.

"அடுத்து 'பெட்ரல்'னு ஒரு படகு தெரியுதா?"

"தெரியுது."

"இப்ப வலது பக்கம் ஒதுங்கு. இன்னும். இன்னும் நல்லா ஒதுங்கு." அவள் விரல் குப்பைத்தொட்டியைத் தொடாமல் சுற்றிக்கொண்டு போனது. "இனிமே நேரா வா. முன்னாடி மஞ்சள் மிதவை ஒண்ணு காலியா இருக்கும். அதுல கட்டிக்கோ."

ரேடியோ கரகரத்துக்கொண்டே இருந்தது. பிறகு, "கட்டிட்டோம், அம்மா" என்றது குரல். பின்னால் குழந்தை அழுதது.

லினெட் ஆறிப்போன டீயைக் குடித்தாள். டேரன் தன் கோப்பையைத் தொடவில்லை.

பதினோரு மணிக்குப் பனி விலகியது. டேரன் ஃபோனில் இருந்த படத்தைப் பார்த்தான், ஜன்னலைப் பார்த்தான். அங்கே ஆறு படகுகள் நெருக்கியடித்துக்கொண்டு, இங்கே ஒன்று தனியாக. எல்லாவற்றுக்கும் நடுவில் தண்ணீருக்கு மேல் கொஞ்சமாய்த் தலை நீட்டிய கறுப்புப் பாறை, அதன் மேல் சிறகு உலர்த்தும் நீர்க்காகங்கள்.

அவன் மவுஸை எடுத்து, குப்பைத்தொட்டியை முதலில் நடுவில் வைத்தான். படத்தைப் பார்த்துப் பார்த்து அறுபத்து மூன்றையும் ஒவ்வொன்றாக அதனதன் இடத்துக்கு இழுத்தான். கடைசியில் மிஞ்சி நின்ற தன் அறிக்கையை இழுத்துக்கொண்டு போய் அந்தப் பாறையின் மேல் போட்டான்.