குடும்பப் பாஸ்

"ரெண்டு பேரும் தனித்தனியா டிக்கெட் எடுக்கிறதைவிட, ஒரு குழந்தையோட போனா குடும்பப் பாஸ் பாதி விலைதான். நாள் முழுக்க எந்த ரயில்ல வேணும்னாலும் ஏறலாம்!" ரயில் கிளம்பியதும் கணவன் மார்தட்டிக்கொண்டான்.

மனைவி குரலைத் தாழ்த்தினாள். "செக்கர் வந்து ஏதாவது கேட்டா?"

"அதான் பாப்பாவுக்கு எல்லாம் சொல்லிக் கொடுத்தாச்சே!"

நடுவில் உட்கார்ந்திருந்த பாப்பா, ஐஸ்கிரீம் குச்சியைச் சப்பியபடி தலையாட்டினாள்.

அடுத்த நிலையத்தில் செக்கர் ஏறினார். பாஸைப் பார்த்தார். பாப்பாவைப் பார்த்தார். அவர் முகம் மாறியது.

"பாப்பா, உனக்கு வயசு என்ன?"

"ஏழு."

"இவங்க ரெண்டு பேரும் யாரு?"

"அம்மா, அப்பா," என்றாள் பாப்பா கணீரென்று.

செக்கர் தொப்பியைக் கழற்றினார். "அப்ப நான் யாருடி?"

மாடி வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த பெண்ணிடம், "பார்க்குக்குக் கூட்டிட்டுப் போறோம்" என்று குழந்தையை இரவல் வாங்கியபோது, அந்தக் குழந்தையின் தகப்பனுக்கு என்ன வேலை என்று விசாரிக்காதது கணவனுக்கு அப்போதுதான் உறைத்தது.

"அதை மட்டும் சொல்லக் கூடாதுப்பா," என்றாள் பாப்பா. "ஐஸ்கிரீம் சாப்பிட்டுட்டேன்."